கழித்த பின் மிஞ்சும் ஒலி

கடந்த வருடம் ஆடி மாத விடுமுறைக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த என் தங்கையின் மகன், திரும்பிப் போகும்போது தன்னுடைய ஹெட்போனை என் எழுதுமேசையில் வைத்துவிட்டுப் போனான். "மாமா, எழுத உட்காரும் போதெல்லாம் பக்கத்து வீட்டு மோட்டார், ஜெனரேட்டர் என்று முறைப்பாடு செய்கிறீர்கள். இதைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தம் கேட்காது" என்றான். பாட்டுக் கேட்கும் கருவிதானே, இதற்கும் சத்தம் கேட்காமல் போவதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்தபடி இரண்டு வாரம் அதைத் தொடாமலே வைத்திருந்தேன். வாசகர்களில் இளையவர்களுக்கு இது பழகிப்போன பொருளாக இருக்கும். என் வயதொத்தவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு மத்தியான வேளையில் அதைக் காதில் மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். தலைக்கு மேலே மின்விசிறி சுழல்வதைக் கண் கண்டது, காது காணவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் போனது. பக்கத்து வளவில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் போனது. பிரதான வீதியிலிருந்து நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும் அந்த அடித்தொனி, அப்படியொன்று இருந்தது என்பதே அது போன பிறகுதான் தெரிந்தது. ஆனால் முற்றத்தில் காகம் கரைந்தது கேட்டது. குசினியில் கரண்டி சட்டியில் பட்டது கேட்டது. சுவர்க்கடிகாரத்தின் முள் நகரும் ஓசை, வழக்கத்தைவிடத் தெளிவாகவே கேட்டது. ஒலிகளில் ஒரு சாராரை மட்டும் யாரோ அழைத்துக்கொண்டு போய்விட்டது போலிருந்தது.

கூடவே இன்னொன்றும் நேர்ந்தது. பதுளை வீதியால் மலையிலிருந்து இறங்கி வரும் பஸ்ஸில் காது அடைத்துக்கொள்ளுமே, அதே உணர்வு. எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும் என்று விழுங்கியும் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை. உண்மையில் காதுக்குள் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லையாம். தாழ்ந்த ஒலிகள் திடீரென்று காணாமற் போவதை, அழுத்த மாற்றத்தால் காது அடைத்ததாக மூளை விளங்கிக்கொள்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். பலருக்கு ஓரிரு நாளில் பழகிவிடும். சிலருக்குக் கடைசிவரை பழகுவதில்லை. எனக்கு மூன்றாம் நாள் பழகியது.

எப்படி வேலை செய்கிறதென்று தெரியாமல் ஒரு பொருளைப் பாவிப்பது எனக்கு உறுத்தலாக இருக்கும். பத்திரிகைத் தொழில் தந்த குணம் அது. கலைப் பட்டதாரியான எனக்கு விஞ்ஞானம் சாதாரண தரப் பரீட்சையோடு நின்றுவிட்டது. எனினும் வாவிக்கரையில் வளர்ந்தவனுக்கு அலை என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாவியில் இரண்டு தோணிகள் எதிரெதிரே கடந்துபோன பின், அவை எழுப்பிய அலைகள் சந்திக்கும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஓர் அலையின் முடி மற்ற அலையின் முடியோடு சேர்ந்தால் நீர் இருமடங்கு உயரம் எழும். ஓர் அலையின் முடி மற்றதன் தாழியில் சரியாக வந்து விழுந்தால், அந்த இடத்தில் ஒரு கணம் நீர் மட்டமாகிவிடும். ஒலியும் காற்றில் செல்லும் அலைதான். ஹெட்போனின் வெளிப்புறத்தில் கடுகளவு ஒலிவாங்கிகள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தத்தைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் சிறிய கணிப்பொறி அந்த அலையைத் தலைகீழாகத் திருப்புகிறது; முடி இருந்த இடத்தில் தாழி, தாழி இருந்த இடத்தில் முடி. அப்படித் திருப்பிய ஒலியைக் காதருகே இருக்கும் ஒலிபெருக்கி எழுப்புகிறது. வெளியே இருந்து வரும் அலையும் உள்ளே எழும் அலையும் செவிப்பறையின் வாசலில் ஒன்றையொன்று சமன் செய்துவிடுகின்றன. காதுக்கு அருகே உட்புறமாக இருக்கும் மற்றோர் ஒலிவாங்கி, என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துத் திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அதுதான் இது. நான் அனுபவித்த அமைதி உண்மையில் இன்னொரு சத்தம். பக்கத்து வளவு மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்தது. என் காதடியில் மட்டும் அதற்கு ஒரு மறுப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் காகமும் கரண்டியும் ஏன் தப்பின? எல்லாம் நேரக் கணக்கு. சத்தத்தைக் கேட்டு, திருப்பி, எழுப்ப, பத்தாயிரத்தில் ஒரு பங்கு செக்கன் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் உறுமல் செக்கனுக்கு 100 அதிர்வு கொண்டதாயின், காற்றில் அதன் ஒவ்வோர் அலையும் சுமார் 3.4 மீற்றர் நீளம். அந்தத் தாமதம் ஓர் அலையின் நூறில் ஒரு பங்குதான். முடி ஏறக்குறையத் தாழியிலேயே விழும். கரண்டி எழுப்பும் கிணுங்கலோ 3,000 அதிர்வு. அலையின் நீளம் சுமார் 11 சென்ரிமீற்றர். அங்கே அதே தாமதம் அலையின் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். முடி தாழியைத் தவறவிட்டால் சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடவும் கூடும். ஆகவே உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலிகளை எதிர்ப்பதற்கு இந்தக் கருவி முனைவதில்லை. அவற்றைத் தடுக்கும் வேலையைக் காதைச் சுற்றி மூடும் பஞ்சு மெத்தைக்கு விட்டுவிடுகிறது. தாழ்ந்த, ஒரே சீரான ஒலிகளில் இது வல்லது. நல்ல கருவியொன்று அவற்றை 20 டெசிபலும் அதற்கு மேலும் குறைத்துவிடும். 20 டெசிபல் என்றால் ஒலியழுத்தம் பத்தில் ஒன்றாகிறது என்று பொருள். திடீரென்று வெடிக்கும் ஒலிக்கு முன்னால் இது பெரும்பாலும் கையறு நிலையில் நிற்கிறது.

இந்தக் கருத்தின் வரலாறு நான் எண்ணியதைவிடப் பழையது. போல் லூக் என்ற ஜேர்மானியர் 1933 இல் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1936 இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். அக்காலத்து வால்வு வானொலித் தொழில்நுட்பம் அதை நடைமுறைப்படுத்தப் போதுமானதாக இருக்கவில்லை. 1950களில் லோரன்ஸ் ஃபோகல் என்ற அமெரிக்கர், ஹெலிகொப்டர் விமானிகளின் காதைக் காப்பதற்காக இதே வழியில் முயன்று காப்புரிமைகள் பெற்றார்.

பின்னர் வந்தவர்தான் அமர் போஸ். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ் வங்காளத்தின் விடுதலைப் போராட்டக்காரர். பிரித்தானியர் கையில் சிறைப்பட்டு, 1920 இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். மகன் 1929 இல் பிலடெல்பியாவில் பிறந்து, மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பேராசிரியராகி, 1964 இல் தம் பெயரிலேயே ஒரு கம்பனியையும் தொடங்கினார். 1978 இல் சூரிச்சிலிருந்து பொஸ்டனுக்குப் பறந்தபோது, விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் இயந்திர இரைச்சலை மீறி எதையும் கேட்க முடியாமல் போக, அந்தப் பயணத்திலேயே கணக்குகளைப் போடத் தொடங்கினார் என்பது பலமுறை எழுதப்பட்ட கதை. 1986 டிசம்பரில், வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றிய வொயேஜர் விமானத்தின் விமானிகள் இருவருக்கும் செவிப்புலன் கெடாதிருக்க அவருடைய கம்பனியின் முன்மாதிரிகள் உதவின. விமானிகளுக்கான கருவி 1989 இலும், பயணிகளுக்கானது 2000 ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. போஸ் 2013 இல் காலமானார்.

ஒலியைக் கழிக்கும் இந்த வழியைப் படித்தபோது, எங்கள் ஊரில் இருந்துவரும் இன்னொரு வழி நினைவுக்கு வந்தது. மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்கிறோம். காற்றில்லாத பூரணை இரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய நீரில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அப்போது கேட்கும் மெல்லிய நாதத்தை மீன் எழுப்புகிறது என்பார் பலர். ஊரி என்னும் சிப்பியினம் எழுப்புகிறது என்பார் வேறு சிலர். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ட் 1848 இல் இங்கு வந்து, நிலவிரவில் தோணியிலிருந்து அதைக் கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் நாதத்துக்கு அதை ஒப்பிட்ட அவர், தோணியின் பலகையில் காதை வைத்தபோது ஒலி மிகவும் பெருகியதையும் குறித்துவைத்தார். 1950களில் இங்கு பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஓசையைப் பதிவு செய்தார். அது பின்னர் இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. யாழ் நூல் எழுதிய விபுலானந்த அடிகள் இந்த ஓசையை நீரரமகளிரின் இசையாகக் கண்டு பாடலாக்கினார்.

துடுப்பைக் காதில் வைப்பது வெறும் சடங்கு அல்ல. நீருக்குள் எழும் ஒலி நீர்மட்டத்தை அடைந்ததும் பெரும்பாலும் திரும்பி உள்ளேயே போய்விடுகிறது. அதன் சக்தியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் நுழைகிறது. மரம் அந்த ஒலியை நேராக எலும்புக்குக் கொண்டுவந்து தருகிறது. காதை மரத்தோடு அழுத்தும்போது காற்றுச் சத்தமும் ஒரு பக்கம் அடைபட்டுவிடுகிறது. அதுவும் ஒரு வகை ஹெட்போன்தான். ஆயினும் அதற்குக் காற்று அடங்க வேண்டும், நிலவு வேண்டும், தோணிக்காரர் துடுப்பை நிறுத்த வேண்டும், கூட இருப்பவர்கள் பேசாதிருக்க வேண்டும். பலர் சேர்ந்து உண்டாக்கும் அமைதி அது. மருமகன் தந்துவிட்டுப் போனது ஒருவருக்கு மட்டுமான அமைதி. இன்று பாலத்தின் மேல் இரவு முழுவதும் வாகனங்கள் ஓடுகின்றன. வாவியில் இயந்திரப் படகுகளும் ஓடுகின்றன. அந்தப் பாட்டைக் கேட்டதாகச் சொல்லும் முதியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துவருகிறார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உண்மையில் இதற்குப் பிறகுள்ளதைச் சொல்வதற்குத்தான்.

ஹெலிகொப்டர் விமானிக்காக இந்தக் கருவியை எண்ணினார்கள் என்று படித்தபோது சற்று நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன். எங்கள் தலைமுறை ஹெலியைக் கீழேயிருந்து கேட்டது. வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கமாக அந்த உறுமல் எழுந்தால், கேட்பவன் முதலில் கணிப்பது திசையை. பிறகு, நெருங்குகிறதா விலகுகிறதா என்பதை. சமையல் செய்துகொண்டிருக்கும் தாய்மாரும் அடுப்படியில் கையை நிறுத்திவிட்டு அதைத்தான் கணிப்பார்கள். இரவில் ட்ரக் வண்டி வீதியில் போனால், அது கடந்து போகிறதா, ஒழுங்கை முகப்பில் வேகம் குறைகிறதா என்பதைத் தூக்கத்திலேயே காது பிரித்தறியும். விமானிக்கு இடைஞ்சலாக இருந்த அதே தாழ்ந்த, சீரான ஓசைதான் எங்களுக்கு எச்சரிக்கை மணி. கருவி எதைத் தேவையற்றது என்று கழிக்கிறதோ, அதைக் கேட்டுத்தான் நாங்கள் பங்கருக்குள் இறங்கினோம்.

செய்தியாளருக்கு இன்னுமொரு ஒலி இருந்தது. ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 ஆம் திகதி காலை, மட்டக்களப்பு நகரில் பணிக்குச் செல்லும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு வருடம் ஏப்ரலில், மட்டக்களப்பு மண்ணைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் இந்த ஊரில் பேனை பிடித்தவர் எவரும் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் ஓசையைக் காதால் அளக்காமல் வீதியில் நடந்ததில்லை. முந்திக்கொண்டு போனால் மூச்சு வரும். நம்முடைய நடைக்கு ஏற்ப அது மெதுவாகினால் நெஞ்சு அடைக்கும்.

ஆகவே இந்தக் கருவியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவது எனக்கு எளிதாக இருக்கவில்லை. யுத்தம் 2009 இல் முடிந்துவிட்டது. என் வாசலில் எவரும் நிற்கப்போவதில்லை என்பது புத்திக்குத் தெரியும், முதுகுக்குத் தெரியாது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடத்துக்கொருமுறை ஒரு பக்கத்தை விலக்கிக் கேட்டுக்கொண்டே எழுதினேன். பிறகு மேசையைத் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதான்.

மேசையைத் திருப்பியதில் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அடுத்தது தீரவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நாள் சற்றுத் தள்ளி ஒரு ஷெல் விழுந்தது. காயமில்லை. ஆனால் அன்று முதல் என் இடக்காதுக்குள் 'ஈ' என்று ஓர் ஓசை உண்டு. பகலில் மின்விசிறியும் வீதியும் அதை மூடிவிடும். பல வருடங்களாக அதை மறந்தே இருந்தேன். ஹெட்போன் மற்ற எல்லாவற்றையும் கழித்தபோது அது ஒன்று மட்டும் தனியே எழுந்து நின்றது. கருவியைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஓசை காற்றில் இல்லை. ஒலிவாங்கிக்கு அது கேட்பதில்லை. கேட்காததைத் திருப்பி அனுப்ப எந்தக் கணிப்பொறியாலும் முடியாது. கழிப்பதற்கு அலை வேண்டும். இது அலையாக இருந்த காலம் முப்பது வருடத்துக்கு முன் சில செக்கன்களோடு முடிந்துவிட்டது.

காது மூக்கு தொண்டை வைத்தியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். இந்த ஊரில் இடக்காதையோ வலக்காதையோ தொட்டுக் காட்டி இதே கதையைச் சொல்லும் என் வயதினர் பலர் என்றார். முழு அமைதியைத் தேட வேண்டாம், மெல்லிய ஓசை ஏதாவது ஓடட்டும், காது அதைப் பற்றிக்கொள்ளும் என்பது அவருடைய அறிவுரை. இப்போது முதலில் வீட்டுச் சத்தத்தைக் கழிக்கிறேன்; பிறகு கைத்தொலைபேசியில் பதிவு செய்துவைத்திருக்கும் வாவிக்கரை நீரோசையை மிகத் தாழ்வாக ஓடவிடுகிறேன். இடக்காது ஓரளவு அடங்கிவிடுகிறது. கழித்த இடத்தில் எதையாவது வைக்க வேண்டியிருக்கிறது.

பயனில்லாத பொருள் என்று நான் சொல்ல வரவில்லை. இரைச்சலுக்குள் பாட்டுக் கேட்பவர் இரைச்சலை வெல்வதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சத்தம் கழிந்தால் தாழ்வாகவே கேட்கலாம். கொழும்பு இரவுப் புகையிரதத்தில் போய்வரும் பிள்ளைகளுக்கு இது காதைக் காக்கும். ஆனால் வீதியில் நடக்கும்போதும் சைக்கிள் ஓடும்போதும் வேண்டாம். பின்னால் வரும் லொறியின் உறுமலைத்தான் இது முதலில் மறைக்கும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது அணிந்திருப்பவரைச் சூழ்ந்த சத்தத்தை மட்டுமே கழிக்கும். ஏற்கெனவே பதிவாகிவிட்ட ஒலிக்குள் இருக்கும் இரைச்சலை இது தொடாது.

எனக்கு இதன் உண்மையான உபயோகம் அந்தப் பதிவுகளோடுதான். பழைய ஒலிநாடாக்களில் இருந்த நேர்காணல்களை இப்போது ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி, எழுத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். 1990 இல் மகனைக் கொண்டுபோகக் கொடுத்த ஒரு தாயின் குரல் அவற்றில் ஒன்று. அவர் தாழ்ந்த குரலில் பேசுபவர். பின்னால் கோழிகள், யாரோ தண்ணீர் அள்ளும் ஓசை. "கடைசியாக அவர் உங்களிடம் என்ன சொன்னார், அம்மா?" என்று என் குரல் கேட்கிறது. "வந்து சாப்பிடுறன் எண்டான், தம்பி" என்று பதில் வருகிறது. அன்றைய குறிப்புப் புத்தகத்தில் கேள்வியும் பதிலும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. செய்தியிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. சூழவிருந்த சத்தங்கள் அடங்கிய பிறகு கேட்டபோது, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே பதினான்கு செக்கன்கள் இருக்கின்றன. அதற்குள் அவர் மூச்சை இழுத்து, பேசத் தொடங்கி, நிறுத்தி, மீண்டும் இழுக்கிறார். இரண்டு தடவை.

அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்று வெகுநேரம் யோசித்தேன். பிறகு, பத்திரிகைக்காரர் எல்லோரும் செய்வது போல, மூன்று புள்ளிகள் இட்டு அடுத்த வரிக்குப் போனேன்.